டயாலிசிஸில் இருப்பவர் இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார் என்று கணிக்க முடியுமா?

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கிராமத்தில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 63 வயது, 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், 14 மாதங்களாக ஈரோட்டில் வாரம் இருமுறை டயாலிசிஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா நன்றாக வேலை செய்கிறது, நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்கு இன்னும் சிறுநீர் போகிறது, அம்மா தம் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்திருக்கிறார் என்றும் சொல்கிறீர்கள். பங்காளி ஒருவர் கைப்பேசியில் ஒரு கணிப்பானில் இந்த விவரங்களை இட்டபோது 'மூன்றாண்டு உயிர்வாழ்வு 52 விழுக்காடு' என்று வந்ததாகவும், அதை நம்பி முடிவெடுக்கலாமா, அப்பாவிடம் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது உங்கள் அப்பாவைப் பற்றிய எண்ணும் இல்லை. அவரைப் போன்ற வயதும் நோய்களும் கொண்ட நூறு பேரை எடுத்துக்கொண்டால் மூன்றாண்டு முடிவில் ஏறத்தாழ 52 பேர் இருப்பார்கள் என்பதே அதன் பொருள். அந்த 52 பேரில் இவர் ஒருவரா, மீதி 48 பேரில் ஒருவரா என்பதைக் கணிப்பான் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தின் அன்றைய சராசரி விலை சந்தையின் போக்கைக் காட்டுமே தவிர, உங்கள் மூட்டைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை மஞ்சளைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

இத்தகைய கணிப்பு முறைகளின் திறனை அளக்க ஆய்வாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொண்டு, இவர்களில் யார் முதலில் இறப்பார் என்று முறையிடம் கேட்பார்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டால் பத்துக்கு ஐந்து முறை சரியாக வரும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கென உருவாக்கப்பட்ட நல்ல கணிப்பான்கள் பெரும்பாலும் ஏழு முதல் எட்டு முறை சரியாகச் சொல்கின்றன. இது பயனற்றது அல்ல. ஆனால் ஒரு குடும்பம் தன் உறக்கத்தைத் தொலைக்கும் அளவுக்கு உறுதியானதும் அல்ல. மேலும், பிரான்சு நாட்டின் பதிவேட்டைக் கொண்டு 75 வயதைக் கடந்தவர்களுக்காக உருவாக்கப்பட்ட ஒரு மதிப்பெண் முறை கோபியில் இருக்கும் 63 வயது விவசாயிக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவில் ஹீமோடயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியாக இரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறை) தொடங்குபவர்களில் ஐந்தாண்டு கடந்து உயிரோடு இருப்பவர்கள் சுமார் 40 விழுக்காட்டினர் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அங்கே தொடங்குபவர்களின் சராசரி வயது அறுபதைத் தாண்டியது, நம்மூர் மையங்களில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் ஏராளம்.

இன்னொன்றையும் உங்கள் பங்காளி கவனித்திருக்க மாட்டார். பல கணிப்பான்கள் டயாலிசிஸ் தொடங்கும் நாளிலிருந்து கணக்கிடுகின்றன. எல்லா நாடுகளிலும் இறப்பு மிகுதியாக இருப்பது முதல் மூன்று மாதங்களில்தான். மூச்சுத்திணறலோடு அவசரமாகக் கொண்டுவரப்பட்டு, கழுத்தில் குழாய் வைத்துத் தொடங்குபவர்கள் இக்காலத்தில்தான் அதிகம் இழக்கப்படுகிறார்கள். உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பதினான்காம் மாதத்தில் நிற்கிறார். தொடக்க நாளின் கணக்கை அவருக்கு இப்போது பொருத்துவது, ஆற்றைக் கடந்தவரிடம் ஆற்றின் ஆழத்தைக் காட்டி அஞ்ச வைப்பதாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டயாலிசிஸ் மையத்தில் பக்கத்துப் படுக்கையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வந்துபோகும் ஒருவரைக் காட்டி, 'அவரே இருக்கிறார், இவருக்கென்ன' என்று உறவினர்கள் ஆறுதல் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவரோடு தொடங்கியவர்களில் இப்போது வராதவர்களை நாம் அங்கே பார்ப்பதில்லை. இருப்பவர்களை மட்டும் எண்ணினால் படம் எப்போதும் நல்லதாகவே தெரியும். நீண்டகால டயாலிசிஸின் முதல் நோயாளியான கிளைடு ஷீல்ட்ஸ் 1960இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னரிடம் சிகிச்சை தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்துக் கருவிகளோடு அது சாத்தியமாயிற்று என்பது வியப்புக்குரியது; ஆனால் அது ஒருவருடைய கதை. அவர் இறுதியில் இறந்ததும் மாரடைப்பால்தான் என்பதை மறந்துவிடக் கூடாது, ஏனெனில் இன்றும் டயாலிசிஸ் நோயாளிகளின் இறப்புகளில் ஏறத்தாழ பாதி இதயம், இரத்தக் குழாய் சார்ந்தவையே.

எனவே 'எத்தனை ஆண்டு' என்று கேட்பதைக் காட்டிலும், எவை ஆயுளைத் தீர்மானிக்கின்றன, அவற்றில் எவை நம் கையில் உள்ளன என்று கேட்பதே பயன் தரும். வயது, சர்க்கரை நோய், முன்பே வந்த மாரடைப்பு, பக்கவாதம், காலில் இரத்த ஓட்டக் குறைவு, நினைவாற்றல் இழப்பு ஆகியவை கணிப்பான்களில் அடிக்கடி இடம்பெறுபவை. இவற்றை மாற்ற முடியாது. தானாக எழுந்து நடந்து, குளித்து, உடுத்திக்கொள்ள முடிகிறதா என்பதும் இவற்றுக்கு இணையான எடை கொண்டது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் டயாலிசிஸ் தொடங்கியவர்களைப் பற்றி 2009இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் 58 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். தொடங்குமுன் இருந்த இயக்கத்திறனைக் காத்துக்கொண்டவர்கள் 13 விழுக்காட்டினர் மட்டுமே. தோட்டத்துக்கு நடந்துபோய் மடை மாற்றிவிட்டு வரும் ஒரு மனிதரின் கணக்கு இவர்களுடையதிலிருந்து முற்றிலும் வேறானது. அதைக் கைப்பேசியில் இடுவதற்குப் பெரும்பாலான கணிப்பான்களில் கட்டமே இருக்காது.

இரத்தப் பரிசோதனைகளில் மிக வலுவாக முன்னறிவிப்பது ஆல்புமின் என்ற இரத்தப் புரதம். 1990இல் லோரி, லூ ஆகிய இருவர் 12,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, டெசிலிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் ஆல்புமின் இருந்தவர்களை விட 3.5க்கும் 4க்கும் இடைப்பட்டவர்களிடமே இறப்பு கூடியிருந்ததைக் காட்டினார்கள். அதற்குக் கீழே போகப்போக ஆபத்து செங்குத்தாக ஏறியது. அதன்பின் வந்த ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்ப உறுதிசெய்துள்ளன. ஆனால் ஆல்புமின் வெறும் சாப்பாட்டுக் கணக்கன்று. உடலில் எங்கோ நீறுபூத்துக் கிடக்கும் அழற்சி, ஆறாத கால்புண், பல்லீறுச் சீழ், நாள்பட்ட காசநோய், கழுத்துக் குழாயில் பதுங்கிய தொற்று ஆகியவையும் அதைக் கீழே இழுக்கும். சர்க்கரை நோயாளி ஒருவரின் ஆல்புமின் குறைந்தால் புரதப் பொடி டப்பா வாங்குவதற்கு முன் அவருடைய பாதங்களைத் திருப்பிப் பாருங்கள் என்பேன். உணவைப் பொறுத்தமட்டில், நாமக்கல் முட்டைக்குப் பேர்போன நாட்டில் இருந்துகொண்டு விலையுயர்ந்த பொடிகளைத் தேடுவதற்குத் தேவையில்லை. முட்டையின் வெள்ளைக் கருவில் நல்ல புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. 'கிட்னி நோயாளி புரதம் சாப்பிடக் கூடாது' என்பது டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்து அறிவுரை. டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் அதையே பிடித்துக்கொண்டு வெறும் ரசம் சோற்றில் காலம் தள்ளிய பலரும் இளைத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

தசையில் உண்டாகி இரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினின் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். குடும்பத்தினர் அந்த எண் குறைந்தால் மகிழ்கிறார்கள். டயாலிசிஸில் இருப்பவரிடம் சிகிச்சைக்கு முந்தைய கிரியேட்டினின் என்பது பெரிதும் தசையின் அளவைக் காட்டுவது. சிறுநீரின் அளவு கூடாமல் அது மாதாமாதம் இறங்கிக்கொண்டே போனால் தசை கரைகிறது என்று பொருள், அது கவலைக்குரியது. இரத்த அழுத்தம், உடல் எடை, கொழுப்பு ஆகியவற்றிலும் இதே தலைகீழ்க் கணக்கு உண்டு. பொதுமக்களிடம் சற்றே பருமனாக இருப்பதும் கொழுப்பு கூடுதலாக இருப்பதும் ஆபத்து. டயாலிசிஸ் நோயாளிகளிடையே மெலிந்தவர்களும், கொழுப்பும் அழுத்தமும் தாழ்ந்தவர்களுமே முந்தி இறக்கிறார்கள். இறப்புக்குப் பல மாதங்கள் முன்னரே எடை, அழுத்தம், ஆல்புமின் மூன்றும் ஒன்றாகச் சரியத் தொடங்குவது பல நாடுகளின் பதிவுகளில் காணப்பட்ட போக்கு. ஆகவே ஒரு நாள் எடுத்த எண்ணைப் பார்க்க வேண்டாம். கடந்த ஆறு மாத அறிக்கைகளை வரிசையாக வைத்து, அவை எந்தத் திசையில் நகர்கின்றன என்று பாருங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய செய்திக்கு வருகிறேன்: வாரம் இருமுறை. திங்களும் வியாழனும் போகிறார் என்றால் ஒரு இடைவெளி மூன்று நாள், மற்றொன்று நான்கு நாள். வாரம் மும்முறை செய்பவர்களிடையேகூட இரண்டு நாள் விடுப்பு வரும் இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பு கூடுகிறது என்பதை 2011இல் ஃபோலியும் குழுவினரும் காட்டினார்கள். நூறு நோயாளி ஆண்டுகளுக்கு (நூறு பேரை ஓராண்டு கவனித்ததற்குச் சமமான கணக்கு) மற்ற நாள்களில் 18.0 ஆக இருந்த இறப்பு அந்த நாளில் 22.1 ஆக இருந்தது. காரணம் எளிது. நீரும் பொட்டாசியமும் சேர்ந்துகொண்டே போகின்றன, ஏற்கெனவே தடித்த இதயத் தசை அதைத் தாங்க வேண்டியிருக்கிறது, பிறகு நான்கு மணி நேரத்தில் எல்லாவற்றையும் இழுத்தெடுக்கும்போது மறுமுனையிலிருந்து ஓர் அடி விழுகிறது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் நீர் எடுப்பது இறப்போடு தொடர்புடையது என்று அறியப்பட்டுள்ளது. 60 கிலோ உள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் அது ஏறத்தாழ மூன்று லிட்டர். உங்கள் அப்பா ஒவ்வொரு முறையும் நான்கு லிட்டரோடு போய் நிற்கிறார் என்றால், 'மெஷினில் எடுத்துவிடலாம்' என்று நினைப்பது தவறான ஆறுதல்.

வாரம் இருமுறை என்பதை எல்லோருக்கும் தவறு என்று நான் சொல்லவில்லை. சிறுநீர் போதிய அளவு போய்க்கொண்டிருக்கும் வரை, மருத்துவர் அளந்து பார்த்து ஒப்புக்கொண்டால், சிலருக்கு அது போதுமானதாக இருக்கலாம். சிறுநீர் குறைந்த பிறகும் அதையே தொடர்வதுதான் ஆபத்து. நம் பகுதியில் பலர் இருமுறையோடு நிற்பது மருத்துவக் காரணத்துக்காக அல்ல என்பது தெரிந்ததே. தாளவாடியிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்து, நான்கு மணி நேரம் படுத்திருந்து, மறுபடி ஏறிப் போகிறவரிடம் மூன்றாவது முறையும் வாருங்கள் என்று சொல்வது எளிது. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன் வாரத்தில் மூன்று நாள் கூலியை இழந்து உடன்வர வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் செலவின்றிக் கிடைத்தாலும், பயணமும் இழந்த கூலியும் நம் பையிலிருந்துதான் போகின்றன. இந்தக் காரணிகளுக்கும் எந்தக் கணிப்பானிலும் கட்டம் இல்லை. ஆனால் மாதத்துக்கு ஒருமுறையாவது சிகிச்சையைத் தவறவிடுபவர்களிடம் இறப்பு ஆபத்து சுமார் 30 விழுக்காடு கூடுதல் என்று பல நாடுகளை உள்ளடக்கிய ஆய்வொன்று 2003இல் கண்டது. முகூர்த்தம், கோயில் கெடா விருந்து என்று ஒரு முறையைத் தள்ளிப்போட்டு, அங்கேயே விருந்தையும் உண்டு, வெயிலுக்கு இரண்டு இளநீரையும் குடித்துவிட்டு வருவது நம்மிடையே மிகவும் வழக்கமான, மிகவும் தவிர்க்கக்கூடிய ஆபத்து. பயணம்தான் தடை என்றால், வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸ் அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்குரிய திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

உங்கள் அப்பாவின் பக்கம் இருக்கும் பெரிய சாதகம் அந்த அரை லிட்டர் சிறுநீர். வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்பவர்களைக் கொண்ட கனடா, அமெரிக்க ஆய்வொன்றை 2001இல் மறுபரிசீலனை செய்தபோது, நாளொன்றுக்கு ஒவ்வொரு 250 மில்லிலிட்டர் சிறுநீருக்கும் இறப்பு ஆபத்து 36 விழுக்காடு குறைந்திருந்தது. அதனால்தான் மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளை அறவே நிறுத்தச் சொல்கிறோம்; அவை மிச்சமிருக்கும் அந்தச் சிறுநீரையும் பறித்துவிடும். சிகிச்சையின்போது இரத்த அழுத்தம் திடீரென இறங்குவதும் அதையே செய்கிறது. ஃபிஸ்டுலா இருப்பது இரண்டாவது சாதகம். கழுத்துக் குழாயோடு காலம் தள்ளுபவர்களிடம் தொற்றும் இறப்பும் தெளிவாகக் கூடுதல். அந்தக் கையில் டயாலிசிஸுக்கு அல்லாத ஊசி போடவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒன்று இறப்பை முன்னறிவிக்கிறது என்பதாலேயே அதைத் திருத்தினால் இறப்பு தள்ளிப்போகும் என்று ஆகிவிடாது. இரத்தசோகை உள்ளவர்கள் முந்தி இறக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஊசி மருந்தால் ஹீமோகுளோபினை இயல்பு அளவுக்கே உயர்த்த முயன்ற பெரிய ஆய்வு நன்மை காட்டவில்லை, 1998இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. சர்க்கரை நோயுள்ள டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கிய 2005ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆய்விலும் எதிர்பார்த்த பயன் இல்லை. இரத்தத்தை இன்னும் கூடுதலாகச் சுத்திகரித்துப் பார்த்த 2002ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்விலும், வழக்கமான போதிய அளவுக்கு மேல் செய்ததால் ஆயுள் கூடவில்லை. போதிய அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பது வேறு செய்தி. இதற்கு மாறாக, 2023இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், அதிக அளவு ஹீமோடயாஃபில்ட்ரேஷன் (டயாலிசிஸோடு கூடுதல் திரவத்தையும் வடித்தெடுத்துச் சுத்திகரிக்கும் முறை) செய்தவர்களில் 17.3 விழுக்காட்டினரும் வழக்கமான முறையில் இருந்தவர்களில் 21.9 விழுக்காட்டினரும் இறந்தார்கள். இது மெய்யான வேறுபாடு. ஆனால் வாரம் இருமுறை செய்துகொண்டிருக்கும் ஒருவர் அதைத் தேடி அலைவதற்கு முன் மூன்றாவது முறைக்கு வழி தேடுவதே சரி.

கணிப்பான்களை விட எனக்கு நம்பிக்கை தரும் ஒரு முறை உண்டு. மருத்துவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது: 'இந்த நோயாளி அடுத்த ஓராண்டுக்குள் இறந்துவிட்டால் நான் வியப்படைவேனா?' 2008இல் மூன்று மையங்களில் 147 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். 'வியப்படைய மாட்டேன்' என்று மருத்துவர் சொன்னவர்களில் 29.4 விழுக்காட்டினரும், 'வியப்படைவேன்' என்று சொன்னவர்களில் 10.6 விழுக்காட்டினரும் ஓராண்டில் இறந்தார்கள். கவனித்துப் பாருங்கள்: அஞ்சத்தக்க பட்டியலில் இருந்தவர்களிலும் பத்தில் ஏழு பேர் ஓராண்டைக் கடந்தார்கள். 2010இல் இக்கேள்வியோடு வயது, ஆல்புமின், நினைவாற்றல் இழப்பு, கால் இரத்தக் குழாய் நோய் ஆகிய நான்கையும் சேர்த்து ஆறு மாதக் கணிப்பு ஒன்றை உருவாக்கினார்கள். பெரிய கருவிகள் எதுவுமின்றி ஓரளவு நன்றாகவே அது வேலை செய்கிறது. குறுகிய காலத்தைக் கேட்டால் விடை ஓரளவு தெளிவாக வரும், மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று நீட்டினால் கலங்கிவிடும் என்பதே என் அனுபவமும்.

அம்மாவின் சிறுநீரகத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு, 52 விழுக்காடு என்ற எண்ணில் விடை இல்லை. அது டயாலிசிஸிலேயே தொடர்பவர்களின் எண். மாற்று அறுவை செய்தால் அந்தக் கணக்கே மாறிவிடும். 1999இல் அமெரிக்காவில், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களையும், இறந்தவரின் சிறுநீரகம் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில் மாற்று பெற்றவர்களின் ஆபத்து 2.8 மடங்கு கூடுதல். நீண்ட காலத்தில் அது 68 விழுக்காடு குறைவு. சர்க்கரை நோயாளிகளுக்கும் அந்த நன்மை இருந்தது. ஆகவே மோசமான எண்ணைக் கண்டு மாற்று அறுவையைக் கைவிடுவது காரணத்தையும் காரியத்தையும் தலைகீழாக்குவதாகும். தடையாக வரக்கூடியவை வேறு: அப்பாவின் இதயம் அறுவையைத் தாங்குமா, காலில் இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, மறைந்த தொற்று உண்டா, அம்மாவுக்கே சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளதா, இரத்த வகை பொருந்துகிறதா. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி கணவன், மனைவி நெருங்கிய உறவினரே. காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவையும் அடங்கும். பரிசோதனைகளுக்கே மாதங்கள் ஆகும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த முறை ஈரோடு போகும்போது மருத்துவரிடம் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த வியப்புக் கேள்வியை அவரிடமே கேளுங்கள். 'வியப்படைவேன்' என்றால் அந்த மாதமே எக்கோவும் இதயப் பரிசோதனைகளும் தொடங்கட்டும், மூன்றாவது முறைக்கான ஏற்பாடும் நடக்கட்டும். 'வியப்படைய மாட்டேன்' என்றால், மாற்று அறுவையைப் பற்றிய பேச்சுக்கு முன், அவருக்கு எது துன்பம் தருகிறது, எதைத் தாங்க விரும்புகிறார், எந்த நிலையில் மருத்துவமனை வேண்டாம் என்பார் என்ற பேச்சு வர வேண்டும்.

அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். நம் பக்கத்தில் வீட்டுப் பெரியவரிடம் நோயை மறைத்துவிட்டு, மகனும் மருமகனும் தனியறையில் மருத்துவரோடு பேசுவது வழக்கம். தோட்டத்தைப் பாகம் பிரிப்பது, பேத்தியின் கல்யாணத்தை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்பதையெல்லாம் முடிவுசெய்ய வேண்டியவர் அவர்; அதற்கு வேண்டிய செய்தியை மட்டும் அவரிடமிருந்து மறைப்பது நியாயமாகத் தோன்றவில்லை. அதற்காக 52 என்ற எண்ணைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கவும் வேண்டாம். 'உங்கள் உடம்பைப் பற்றி டாக்டர் சொல்வதை முழுதும் கேட்டுக்கொள்கிறீர்களா, இல்லை நாங்களே பார்த்துக்கொள்ளட்டுமா அப்பா?' என்று முதலில் அவரிடமே கேளுங்கள். கேட்டுக்கொள்கிறேன் என்றால், அடுத்த ஓராண்டைப் பற்றியும் ஐந்தாண்டைப் பற்றியும் இரண்டு தனிக் கேள்விகளாக, அவரை உடன் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் கேளுங்கள்.